தொட்டுப் பார்க்காத விரல்

வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று சொல்கிறவர்கள், அப்படி ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போய்ப் பார்க்க வேண்டும். வெளி டாக்டர் என்றால் காத்துக் கிடக்கலாம், முறைத்துக்கொள்ளலாம், சரிப்படவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொருவரிடம் போகலாம். மாமனாரே டாக்டர் என்றால் அந்த வசதி எதுவும் கிடையாது. அவர் சொன்னதுதான் நோய், அவர் கொடுத்ததுதான் மருந்து. குணமாகவில்லை என்றால் மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்று அர்த்தம்.

உச்சியின் மாமனார் தோல் டாக்டர். அதிலும் நகம் என்றால் அவர்தான் என்று பேர் வாங்கியவர். கீழே கிளினிக், மேலே வீடு. காலையிலிருந்தே கிளினிக் வாசல் பெஞ்சில் ஆட்கள் தங்கள் விரல்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மற்ற டாக்டர்கள் நகத்தைக் கண்ணால் பார்த்து மருந்து எழுதினால் இவர் அமுக்கிப் பார்ப்பார். கையுறை மாட்டிய கட்டைவிரலால் நகத்தின் நுனி, வேர், ஓரம் என்று சுற்றிச் சுற்றி அமுக்குவார். பிறகு பேனாவின் பின்பக்கத்தால் ஒரு அமுக்கு. மெத்தென்று போனால் ஒரு நோய், கெட்டியாக நின்றால் வேறொன்று, ஆள் துள்ளிக் குதித்தால் இன்னொன்று. இந்தப் பழக்கம் கிளினிக்கோடு நிற்கவில்லை. தக்காளியை அமுக்குவார், ரொட்டியை அமுக்குவார், கடையில் மெத்தையைச் சுற்றி வந்து ஓரம் முழுக்க அமுக்கிவிட்டு வாங்காமல் திரும்புவார். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று மாடிப்படிச் சுவரை அமுக்கிப் பதித்த கட்டைவிரல் தடம் இன்னமும் அங்கே இருக்கிறது. இவர் அமுக்காத பொருள் இந்த வீட்டில் எதுவும் இல்லை என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மருமகளாக அவள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமும் இல்லை, கர்வமும் இல்லை, வெறும் கூச்சம். பெண் பிள்ளை வளர்க்காத மனுஷன்; மகனின் மனைவியை எப்படிப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் மனைவியைப் பார்த்துப் பேசுவார். சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவ சாப்பிட்டாளா என்று மனைவியைக் கேட்பார். மாமியார் இந்தப் பக்கம் திரும்பி, சாப்பிட்டியாம்மா என்பாள். சாப்பிட்டேன் அத்தை என்பாள் இவள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பி, சாப்பிட்டாளாம் என்பாள். உச்சியும் இதற்குச் சளைத்தவள் இல்லை. மாமனார் அறைக்குள் வந்தால் நீட்டிய காலைச் சட்டென்று நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொள்வாள். இதற்கெல்லாம் மரியாதை என்று பேர் வைத்து மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

உச்சி என்பது அவள் வேலை செய்த இரும்புக் கிடங்கில் வைத்த பேர். தகடும் குழாயும் உத்தரமும் கட்டுக் கட்டாக அடுக்கிய பெரிய கொட்டகை அது. கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு. அந்தக் கூண்டுக்குள் அவள். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். கீழே ஆட்கள் கத்துவதும் லாரிகள் உறுமுவதும் மேலே வரும்போது முணுமுணுப்பாகிவிடும். அவ இதைக் கேட்டாளா, அவ அதைச் சொன்னாளா என்று நடுவில் ஒரு ஆள் வேண்டாத ஒரே இடம். நெம்புகோலைத் தள்ளினால் ஒரு லாரி எடையுள்ள இரும்பு அவள் சொன்னபடி கேட்கும். வாழ்க்கையில் வேறு எதுவும் அப்படிக் கேட்டதில்லை என்று புருஷனிடம் ஒருமுறை சொன்னாள். அவன் தன்னைச் சொல்கிறாளோ என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

கிடங்குக்குள் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. அந்த பூட்ஸோ ஆண்கள் அளவில் மட்டும்தான் வந்தது. உச்சி நுனியில் துணியை அடைத்துக்கொண்டு மாட்டுவாள். ஏணியில் ஒவ்வொரு படியிலும் கால் முன்னால் வழுக்கி, வலது கட்டைவிரல் இரும்பு மூக்கில் போய் டக் என்று இடிக்கும். வருஷக்கணக்கில் இடித்தது. இடிக்கிறதுக்கென்று ஒரு விரல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த விரலில்தான் ஆரம்பித்தது. முதலில் நகத்தின் ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. நகம் வெளுத்து, தடித்து, கீழே ஏதோ திணித்து வைத்தது போல இருந்தது. மாமியார்தான் பார்த்துவிட்டு விஷயத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோனாள். மாமனார் வந்து அறை வாசலில் நின்றார். உச்சி கட்டிலில் உட்கார்ந்தபடி, புடவைக் கரைக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரியும்படி காலை வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசலிலிருந்தே பார்த்தார். வலி இருக்கான்னு கேளு என்றார் மனைவியிடம்.

உயிர் போகுது அத்தை என்றாள் உச்சி.

மாமியார் அவர் பக்கம் திரும்பி, லேசா வலிக்குதாம் என்றாள்.

அந்தம்மாளைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. புருஷனுக்கு ரத்தக் கொதிப்பு. எந்தச் செய்தியும் அவரிடம் நேராகப் போகக் கூடாது, தன் வழியாகத் தணிந்துதான் போக வேண்டும் என்று அவள் இத்தனை வருஷமாக வைத்திருந்த வழக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட கொஞ்சம் சிந்திடுச்சு என்றுதான் அவருக்குச் சொல்வாள். போதாததற்கு, மருமகள் தொட்டதற்கெல்லாம் முனகுகிறவள் என்ற பேர் அவளுக்கு வந்துவிடக் கூடாது என்ற அக்கறை வேறு. ஆக, லேசான வலி, வெளுத்த நகம், நாள் முழுக்க பூட்ஸுக்குள் வேர்க்கும் கால். கிளினிக்கில் இப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னவோ அதையே சொன்னார் மாமனார். பூஞ்சை. பூசிக்கொள்ள ஒரு திரவம், விழுங்க மாத்திரை.

உச்சி பூசினாள், விழுங்கினாள். நகம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. நகத்தின் நுனிக்கடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. மறுபடி வாசல், மறுபடி மூக்குக்கண்ணாடி. இந்தத் தடவை உச்சி தானாகவே சொன்னாள்: கல்லு மாதிரி இருக்கு அத்தை, தொட்டா உச்சந்தலை வரைக்கும் சுண்டுது. கொஞ்சம் தடிச்சிருக்காம் என்று போய்ச் சேர்ந்தது அது. அப்படியானால் மரு என்றார் அவர். கிளினிக்கில் திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்க, இந்தப் பக்கம் நர்ஸ் உறைய வைக்கும் புகையை விரலில் பீய்ச்சினாள். உச்சி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மாமனார் காதில் விழக் கூடாதே என்று சத்தம் போடவில்லை. திரைக்கு அப்பால் நின்றவர், சத்தம் வரவில்லை என்பதை வைத்து வலியில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

இதே உச்சி மருமகளாக இல்லாமல், கீழே வந்த யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் முதல் நாளே பெஞ்சில் உட்கார வைத்து அமுக்கியிருப்பார். மருமகளின் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்குவதா? அவருக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

நகம் ஒரு நாள் குளிக்கும்போது கையோடு வந்துவிட்டது. அடியில் மொச்சைக் கொட்டை அளவுக்குச் சிவந்து ஒரு கட்டி. துணி பட்டாலே ரத்தம். உச்சி பஞ்சை வைத்துக் கட்டி, இரண்டு காலுறையை மாட்டி, பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏணியில் குதிகாலை வைத்து ஏறினாள். ஏணி குதிகாலுக்காகச் செய்த பொருள் இல்லை. ஒரு நாள் பாதி வழியில் கால் நழுவி, இரண்டு கையாலும் தொங்கினாள்; கீழே நின்ற சூப்பர்வைசர் வாயில் வந்தபடி கத்தி அவளை இறக்கினார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். காலுறை பூராவும் சிவப்பு. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். காலைக் காட்டி டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கேயே இரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

கட்டியைப் பார்த்த அன்று மாமனார் வாசலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்தார். முகம் மாறிப்போனது. நகத்தை விழ வைத்து, கறுப்பு நிறம் காட்டாமல் சிவப்பாகவே வளர்ந்து ஆளைக் கொண்டுபோகும் கெட்ட கட்டி ஒன்று உண்டு. அவர் தொழிலில் அதை ஒரு தடவை தவறவிட்ட டாக்டர்கள் பிறகு தூங்குவதில்லை. அவர் மனைவியைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். கதவு சாத்தவில்லை. புற்று என்ற வார்த்தை உச்சியின் காதில் விழுந்தது. மாமியார் திரும்பி வந்து, பெரிசா ஒண்ணும் இல்லையாம், இன்னொரு டாக்டரையும் பாத்துடலாம்ங்கறாரு என்றாள்.

இன்னொரு டாக்டர் மாமனாரின் பழைய சிநேகிதர், சர்ஜன். ஆஸ்பத்திரியில் உச்சியை உட்கார வைத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தவர், அவரே பாத்தாச்சுன்னா நான் புதுசா என்ன பாக்கப் போறேன் என்று கையைக் கழுவினார். சிநேகிதர் மேல் அவ்வளவு நம்பிக்கை. மாமனாருக்கோ சர்ஜன் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கை. இப்படி இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில் உச்சியின் விரலை யாருமே பார்க்காமல் போனது. பாதத்தை மேலிருந்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைவிரல் நுனி கொஞ்சம் மங்கலாக இருந்தது, வீக்கத்தால் என்றார்கள். கட்டியின் மேலே ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த பதில், செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, கெட்டது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது.

காத்திருக்க வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமனார்தான். புற்று மேலே ஏறிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் இருந்தது, அதுதான் கொடுமை. விரலை அடியோடு எடுத்துவிடுவது என்று முடிவானது. அதை உச்சியிடம் சொல்லும் வேலை வழக்கம்போல் மாமியாருக்கு. அந்தம்மாளும் தன் வழக்கப்படி, விரல் நுனியில கொஞ்சம் எடுக்கணுமாம் என்றாள். எவ்வளவு என்று உச்சி கேட்டாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள். வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். அவன் நல்லவன், அவளுக்காக உயிரைக் கொடுப்பான், அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை மட்டும் கொடுக்க மாட்டான். அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதான். சேர்ந்து அழ ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம்தான், ஆனால் அன்று அவளுக்கு அது போதவில்லை.

கிடங்குக்குப் போய்க் கூண்டின் சாவியைக் கொடுத்தாள். கட்டைவிரல் இல்லாத ஆளை ஏணியில் ஏற்ற விதி இடம் கொடுக்காது என்று சூப்பர்வைசர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். மேலே கூண்டில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். குழாய்க் கட்டைத் தூக்கும்போது ஆட்டினான். அவள் ஒருநாளும் ஆட்டியதில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். சாகப் போகிறோமா என்ற பயம் ஒரு பக்கம். செத்தாலும் பரவாயில்லை, கூண்டு போய்விட்டதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை. விரலைப் பார்த்து, நான் உனக்கு என்ன பாவம் பண்ணிட்டேன்னு இப்படிச் செய்யறே என்று வாய்விட்டுக் கேட்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளுக்குப் பச்சை அங்கியை மாட்டி விட்டார்கள். சின்ன அறை, உயரமான கட்டில், ஏறுவதற்கு ஒரு மரப்படி. மாமியார் ஜன்னல் பக்கம் நின்றாள். புருஷன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். மாமனார் வாசலில், வேறெங்கே நிற்பார். நர்ஸ் ஊதா மையில் விரலின் அடியைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். மை ஜில்லென்று இருந்தது. கோடு விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் வளையம் போல வந்து முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளது இனி தன்னுடையது இல்லை என்று பார்த்தபோது உச்சி தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தைய பாக்காதீங்க, என்னைப் பாருங்க. ஊருல இருக்கறவங்க நகத்தையெல்லாம் அமுக்கிப் பாக்கறீங்க. செவுத்த அமுக்கறீங்க, தக்காளிய அமுக்கறீங்க. என் கால ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா? எடுக்கணும்னா எடுத்துக்குங்க. தொட்டுப் பாத்துட்டு எடுங்க."

நர்ஸ் மைப்பேனாவை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். மாமனாரின் காது மடல் சிவந்தது. உள்ளே வந்தார். கட்டிலை நெருங்கி, உட்கார இடம் தேடி, வேறு எதுவும் இல்லாமல் அந்த மரப்படியிலேயே உட்கார்ந்தார். அவர் தலை இப்போது அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது. பழக்க தோஷத்தில் அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர் குதிகாலைப் பிடித்து நிறுத்தினார். விடும்மா என்றார். அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கட்டைவிரலால் கட்டியின் ஓரத்தை அமுக்கினார். உச்சி அலறிவிட்டாள். அவர் விடவில்லை. வேறு பக்கத்திலிருந்து அமுக்கினார். பேனாவை எடுத்துப் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். கூச்சம் விலகி, கிளினிக்கில் இருக்கும் கை திரும்பி வந்திருந்தது. கட்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. விரலின் எலும்போடு சேர்ந்து, விரலோடுதான் அசைந்தது.

"இவ்வளவு கெட்டியா இருக்கறத ஏம்மா சொல்லல?"

"சொன்னேன் மாமா. கல்லு மாதிரி இருக்கு, உயிர் போகுதுன்னு அன்னிக்கே சொன்னேன்."

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். மாமியாரின் உதடு கோணியது. "நீங்க பதறிடுவீங்கன்னு நான்தான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவர் அவளை எதுவும் சொல்லவில்லை. யாரைச் சொல்வது? கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்திலா அவர் நின்றார்? எட்டி நின்றவர் அவர்தானே.

சதை இல்லை, எலும்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்து சர்ஜனைக் கூப்பிடச் சொன்னார். சர்ஜனுக்கு எரிச்சல். தியேட்டர் தயாராகி ஆட்கள் காத்திருக்கிறார்கள். எலும்பாக இருந்தால் மட்டும் என்ன, கெட்டது எலும்புவரை போய் அதைத் தின்ன ஆரம்பித்திருந்தால் விரலென்ன, அதற்கு மேலேயும் எடுக்க வேண்டிவரும் என்றார். அதை உச்சியின் எதிரிலேயே சொன்னார். அவள் கட்டிலின் விரிப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தானே கூப்பிட்டு இதையும் வரவழைத்துக்கொண்டோமோ என்று இருந்தது. மாமனார் ஒரே ஒரு எக்ஸ்ரே கேட்டார். மேலிருந்து எடுத்தால் மறைத்துவிடும், பக்கவாட்டில் எடுக்க வேண்டும், கட்டைவிரலை மட்டும். படத்தில் எலும்பு அரித்திருந்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

எக்ஸ்ரே அறையில் முதல் படம் வீணாய்ப் போனது. பக்கத்து விரல்களின் நிழல் குறுக்கே விழுந்து எதுவும் தெரியவில்லை. இங்கே பாதத்தை இப்படித்தான் எடுப்போம் என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண் சொல்லிப் பார்த்தாள். மாமனார் கட்டுத் துணியைக் கிழித்து மற்ற நாலு விரலையும் ஒன்றாகக் கட்டி, முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மேசையோரம் குனிந்து நின்று, நாலு விரலையும் கீழே இழுத்துப் பிடித்தார். இன்னொரு கை அவள் குதிகாலைத் தாங்கியிருந்தது. உச்சி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அசையாதே என்றார்கள். மூச்சைக்கூட விடாமல் கிடந்தாள். ஒரு கிர்ர் சத்தம், அவ்வளவுதான். படம் வரும்வரை மாமனார் அங்கியைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார், அவள் குதிகாலையும் விடவில்லை.

திரையில் படம் வந்தது. விரல் எலும்பு பக்கவாட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நுனிக்கு அருகிலிருந்து, பழைய உருளைக்கிழங்கில் முளை விடுவது போல, மேல்நோக்கி ஒரு வெள்ளை முளை. எலும்பின் வெளிக்கோடு எங்கும் அறுபடாமல் அந்த முளையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. மாமனார் திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். சர்ஜனும் வந்து பார்த்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எலும்ப திங்கலம்மா," என்றார் மாமனார். குரல் உடைந்துவிட்டது. "எலும்பு வளந்திருக்கு, அவ்வளவுதான். கெட்டது இல்ல. விரல் உன்னுதுதான்."

உச்சி அப்போதுதான் அழுதாள். அழுகையா சிரிப்பா என்று நர்ஸுக்கே சந்தேகம் வந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிறகு எல்லாவற்றையும் அவளிடமே, அவள் முகத்தைப் பார்த்தே, தட்டுத் தடுமாறிச் சொன்னார். பூட்ஸின் இரும்பு மூக்கில் இடித்து இடித்து எலும்பு முளை விட்டிருக்கிறது. முளை கீழிருந்து நகத்தைத் தூக்கியது; அதைப் பூஞ்சை என்று தான் சொன்னது தப்பு. நகத்தடியிலிருந்து எட்டிப் பார்த்ததை மரு என்றது அதைவிடத் தப்பு. வளரும் எலும்பின் மேல் மூடியிருக்கும் குருத்தெலும்பில் செல்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கும். அதிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் அனுப்பினால் பார்க்கிறவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள். நுனியை ஒரு தடவை அமுக்கியிருந்தால் முதல் நாளே பக்கவாட்டில் படம் எடுத்திருப்பேன் என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

சர்ஜன் அன்றே முளையை மட்டும் அடியோடு செதுக்கி எடுத்தார். நர்ஸ் ஊதாக் கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்தாள்; முழுசாகப் போகவில்லை. எடுத்ததைப் பரிசோதித்து, எலும்பும் குருத்தெலும்பும்தான் என்று பிறகு பதில் வந்தது. நகம் திரும்ப வளர மாதங்கள் ஆகும், கொஞ்சம் கோணலாகவும் வரலாம் என்றார்கள். கோணலோ நேரோ, நகத்தைப் பார்த்து யாரும் ஏணியில் ஏற்றுவதில்லை. சூப்பர்வைசர், கால் ஆறினதும் சீட்டோடு வந்தால் கூண்டு உனக்குத்தான், உன் அளவுக்கு பூட்ஸ் சொல்லியிருக்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். மேலே இருக்கிறவன் இன்னமும் ஆட்டுகிறானாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் உச்சி கட்டிலில் சாய்ந்து, தலையணை மேல் காலை நீட்டியிருந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்தம்மாள் அதிகம் பேசவில்லை. மாமனார் கிளினிக்கிலிருந்து படியேறி வந்தார். வாசலில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.

"வலி இருக்கான்னு கேளு," என்றார் மனைவியிடம்.

மாமியார் இந்தப் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்திப் போட்டாள். நீங்களே கேளுங்க என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

அவர் கொஞ்சம் தயங்கி, உள்ளே வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உச்சியின் கால் தானாக மடங்கப் பார்த்தது. அவள் அதை மடங்கவிடவில்லை. அவர் கட்டுக்குக் கீழே, குதிகாலில் கை வைத்தார்.

"வலிக்குதாம்மா?"

உண்மையில் அன்று அவ்வளவாக வலிக்கவில்லை. காலையில் போட்ட மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆனாலும் எத்தனையோ மாதமாகச் சொல்லியும் போய்ச் சேராத ஒரு வார்த்தை அவள் தொண்டையில் அப்படியே இருந்தது.

"உயிர் போகுது மாமா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை.